இரண்டாவது எழுத்தாளர்

மகள் அம்மாவோடு வகுப்பறைக்குள் நுழைந்தாள். டாக்டரோ ஆபீஸரோ, இந்த நாட்டு மொழியில் யார் பேசினாலும் அம்மாவுக்குத் தமிழில் சொல்வது அவள்தான். இன்று எதிரே உட்கார்ந்திருப்பது டீச்சர்.

"புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைங்க வளர்றதைப் பத்தி, ரெண்டு பெண் எழுத்தாளர்களை ஒப்பிட்டு உங்க பொண்ணு நல்லா எழுதியிருக்கா. முதல் நாவல் லைப்ரரியில இருக்கு. ரெண்டாவது எங்க தேடியும் கிடைக்கல; அப்படி ஒரு எழுத்தாளரே இல்ல போலிருக்கு."

"நல்லா எழுதியிருக்கேனாம், அம்மா," என்றாள் மகள்.

"அந்த ரெண்டாவது கதையில, விசா இல்லாத வீடு," என்றார் டீச்சர். " காலிங்பெல் அடிச்சாலே அம்மா பொண்ணை இழுத்துக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில ஒளியுறாங்க. கோழை அம்மான்னு எழுதியிருக்கா. அது உங்க வீடுதானான்னு அம்மாகிட்ட கேளு."

விசா வந்து மூன்று வருடமாகியும் பெல் சத்தத்துக்கு அம்மா இன்னும் பதறுவாள். கோழை என்று எழுதியது தெரிந்தால்?

"கையெழுத்து அழகா இருக்காம், அம்மா," என்றாள் மகள்.

ஆபீஸ் தரை துடைத்துக் காய்த்துப்போன கைகளை மடியில் கோர்த்துக்கொண்டு, அம்மா டீச்சரிடம் அந்த நாட்டு மொழியிலேயே நிதானமாகச் சொன்னாள்:

"அந்த எழுத்தாளர் ஒரு இடத்துல தப்பு பண்ணிட்டாங்க டீச்சர். பிடிச்சுட்டுப் போயிடுவாங்கன்னு அந்த அம்மா பயப்படல. பொண்ணு தனியா நிக்குமேன்னுதான் பயந்தாங்க."

பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"கையெழுத்தைப் பத்தி டீச்சர் ஒண்ணுமே சொல்லலையேடி."

இத்தனை வருடமாகத் தான் மாற்றிச் சொன்னதையெல்லாம் மகள் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.