தாய்மாமன் மடி

கல்யாணமே வேண்டாம் என்று முடிவெடுத்த செண்பகவல்லி, தன் கணக்கை அழிக்கச் சொல்லி அந்த வரன் தேடும் நிறுவனத்துக்குப் பதினேழு முறை எழுதிவிட்டாள். அவர்கள் அழிக்கவே இல்லை. ஒன்பது வருடம் கழித்து அவள் தம்பி இசக்கிராஜாவின் கைபேசிக்கு அந்த நிறுவனத்திடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. அவளுடைய கணக்குக்கும் இன்னொருவர் கணக்குக்கும் கல்யாணமாகிப் பிறந்த மகளுக்குக் காதுகுத்தாம். தாய்மாமன் மடி தர வேண்டுமாம்.

திரையில் குழந்தை திரும்பிச் சிரித்தது. செண்பகவல்லியின் அதே தெற்றுப்பல், அவர்கள் அப்பாவின் அதே அகன்ற நெற்றி. செண்பகவல்லி கிட்டே குனிந்து பார்த்தாள். தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்து, திரையை மடியில் வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் அவளுடைய பதினேழாவது கடிதத்துக்குப் பதில் திரையில் வந்தது: ‘கோரிக்கை ஏற்கப்பட்டது. கணக்கையும் குடும்பத்தையும் அழிக்கலாமா?’

பழக்கத்தில் அவள் விரல் நீண்டது.

“எக்கா, தொட்டுராத,” என்றான் தம்பி. “புள்ள எம்மடியில இருக்கா.”