ஓரங்குலம்

"தூ, இவளும் ஒரு பொம்பளையா?" என்றாள் பத்மாவதி, முன்வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

மேடையில் நின்ற அந்தப் பொம்பளை என் மகள்.

பத்மாவதி திட்டியது லக்ஷிகாவை அல்ல, அவள் போட்டிருந்த வேஷத்தை. எலேனா என்றொரு லத்தீன் பாப் பாடகியின் கதை அது. அவள் பாடிப் புகழ்பெற்ற பாட்டுகளையே வரிசையாகக் கோத்து நாடகமாக்கியிருந்தார்கள். பாட்டு வந்தால் சனம் இருக்கையை விட்டு எழும்பி ஆடியது. பாடகியின் தாய் வந்தால் முகத்தைச் சுளித்தது.

அந்தத் தாய்தான் லக்ஷிகா.

காய்ச்சலோடு கிடந்த எட்டு வயதுப் பிள்ளையை அப்போதுதான் எழுப்பிப் பாட்டுப் போட்டிக்கு இழுத்துப் போயிருந்தாள்.

"நல்லா நடிக்கிறா அக்கா உங்க பொண்ணு. எழுந்து போய் நாலு அறை விடலாமான்னு வருது."

"ஓம், கெட்டிக்காரி" என்றேன்.

ஏழு வருடமாக லக்ஷிகா என்னோடு பேசவில்லை. போன மாதம் தபாலில் இரண்டு டிக்கெட் வந்தது. கடிதம் இல்லை. உறையில் அவளுடைய கையெழுத்தைக் கண்டதே எனக்குப் போதுமாக இருந்தது. மற்ற டிக்கெட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பத்மாவதியைக் கூட்டிவந்தேன். முதல்நாளே பயத்தம் பணியாரம் சுட்டு, பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் அடைத்து மடியில் வைத்திருந்தேன். இன்றைக்கு என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைக்கப்போகிறாள்.

மறுபக்கத்து இருக்கை வெள்ளைக்காரியிடமும் "மை டோட்டர்" என்று சொல்லிவைத்தேன். அவளும் மேடையைப் பார்த்து, என்னைப் பார்த்து, கஷ்டப்பட்டுச் சிரித்தாள்.

அடுத்த காட்சியில் ஒரு தையல்காரி வந்தாள். சிறுமிக்கு அடுத்த போட்டிக்கான சட்டைக்கு அளவெடுத்தாள்.

"கையை இன்னும் ஓரங்குலம் நீட்டி வையுங்கோ. பிள்ளை வளருது."

லக்ஷிகா அதை ஆங்கிலத்தில்தான் சொன்னாள். எனக்குத் தமிழில் கேட்டது.

சனம் சிரித்தது. இடுப்பை ஆட்டிப் புகழ்பெறப் போகிறவளுக்கு இப்படி உடம்பை மூடிக்கட்டுகிற ஒரு தாய்!

"நம்ம ஊர் அம்மாங்க மாதிரியே இருக்கா பாருங்க" என்று பத்மாவதி என் தொடையில் தட்டிச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை.

பிறகு போட்டி. திரையோரத்தில் தாயும் மகளும் நின்றார்கள். பாடமாட்டேன் என்று சிறுமி அழுதாள். தாய் அவளை அணைத்துக்கொண்டாள். முகம் நடுவர்களைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தது. கை மட்டும் சட்டைக்கைக்குள் நுழைந்தது. இரண்டு விரல். ஒரு திருகல்.

சிறுமி வாயைத் திறந்தாள். பாட்டு வந்தது.

சட்டைக்கை மேலே ஏறியிருந்தது. அங்கே ஊதாவும் மஞ்சளுமாகக் கன்றிப்போன பழைய அடையாளங்கள். தாய் சிரித்தபடியே சட்டைக்கையை இழுத்து மூடினாள். ஓரங்குலம். சரியாகப் போதுமாக இருந்தது.

கெட்டுப்போன மீனை மூக்கருகே கொண்டுபோனவர்களைப் போல அரங்கம் முழுவதும் ஒரு சத்தம் எழுந்தது. பின்னால் ஒருவன் ஊளையிட்டான். வெள்ளைக்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிப்பாவி! இதுக்குத்தானா நீளமா வைக்கச் சொன்னா? சீ, இந்த மாதிரி ஒருத்தி நெசமா இருப்பாளா அக்கா?"

என் வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தில் லக்ஷிகாவின் அரங்கேற்றம் நடந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நடனச் சட்டை தைத்தவளிடம் அந்த ஓரங்குலத்தை நான் தொலைபேசியில்தான் சொன்னேன். பிள்ளை பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்திருந்தேன். அரங்கேற்றத்தன்று எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிள்ளையின் முகபாவம் அபாரம் என்றார்கள்.

இங்கேயும் கடைசியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். லக்ஷிகா வந்து வணங்கியபோது வேண்டுமென்றே கூச்சலிட்டார்கள். அவ்வளவு நன்றாக அருவருக்க வைத்திருந்தாள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

வெளிக்கூடத்தில் சனத்துக்கு நடுவே அவள் எங்களைத் தேடி வந்தாள். கையில்லாத கறுப்புச் சட்டை போட்டிருந்தாள். மேல்கையில் ஒரு அடையாளமும் இல்லை. இருக்காது. நான் அந்தளவுக்குக் கவனமாகத்தான் செய்தேன்.

"வந்திட்டீங்கள், அம்மா."

ஏழு வருடத்துக்குப் பிறகு அவ்வளவுதான் சொன்னாள்.

பத்மாவதி அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வயிறு எரிஞ்சு போச்சுடி! அந்தக் கிள்ளு இருக்கே, அப்பா... இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"வீட்டிலதான், ஆன்ட்டி."

"வீட்லயே பழகினியா? அதான் அவ்வளவு தத்ரூபம்!"

லக்ஷிகா சிரித்தாள். அவளுடைய கன்னத்தோரம் மேக்கப் கொஞ்சம் கரைந்திருந்தது. துடைத்துவிடலாம் என்று பைக்குள் இருந்த கையை எடுத்து நீட்டினேன். சத்தியமாக முகத்துக்குத்தான் நீட்டினேன்.

அவள் மேல்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டாள்.

பத்மாவதிக்கு ஒன்றும் தெரியவில்லை. லக்ஷிகாவின் முகம் அவளைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தது, கொஞ்சமும் மாறவில்லை.

அதையும் நான்தான் பழக்கினேன்.