மிச்சமிருக்கும் பெருவிரல்

பட்டறையின் தகரக் கூரை உச்சி வெயிலில் படபடக்கிறது. பிரஸ் மிஷின் மூன்று விரல்களைத் தின்றதற்குக் கிடைத்த நட்டஈடு முழுவதும் கிழவரின் செல்போனுக்குள் இருக்கிறது. வலது கையில் மிச்சமிருக்கும் பெருவிரலின் ரேகைக்குத்தான் அது திறக்கும். அந்த மணிக்கட்டை மகன் முறுக்கிப் பிடித்திருக்கிறான். "தங்கச் சுரங்கப் பங்குப்பா, ஒரே மாசத்துல ரெட்டிப்பு!" மருமகன் அவன் காலரைப் பிடித்துச் சுவரில் மோதுகிறான். "மண்ணத் தோண்டி எவன்டா உருப்பட்டான்? ஹைட்ரஜன்ல போடுங்க மாமா, நாளைக்கு வண்டியெல்லாம் அதுலதான் ஓடும்." பிடியை விடாத மகனின் கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் செல்போன் கண்ணாடியில் சொட்டுகிறது. கிழவர் அவனைப் பார்க்கிறார். "தங்கத்தக் கண்ணால பாத்தியாடா?" "கம்பெனிக்காரன் படம் போட்டிருக்கான்ப்பா." "அந்த வண்டி எங்க மாப்ள?" "இனிமேதான் செய்வாங்க மாமா." கிழவர் காறித் துப்புகிறார். "பொறக்காத புள்ளைக்குப் பேரு வைக்க என் விரலா கெடச்சுது?" கையை உதறி விடுவித்துச் சாணைக்கல்லின் சுவிட்சைத் தட்டுகிறார். கல் ஊளையிட்டுச் சுழல்கிறது. மகன் "அப்பா!" என்று பாய்வதற்குள் பெருவிரலின் ரேகையை அதில் வைத்து அழுத்துகிறார். கருகிய தோல் நாறுகிறது. பல்லைக் கடித்தபடி, சிவந்து வழியும் விரலை இருவர் முகத்துக்கும் நேரே நீட்டுகிறார்.

"இப்பத் தொறங்கடா, பாக்கலாம்."