முத்தான முப்பது பேர்

"தங்கத்தைத் தகரப் பெட்டியில வெச்சாலும் தங்கம்தான். நாங்க எங்க படிச்சிருந்தாலும் இப்படித்தான் வந்திருப்போம்," என்றார் வங்கித் தலைவர்.

"அது சரி, பட்டை தீட்டினது யாரு? நாங்கதானே," என்றார் துணைவேந்தர் விடாமல்.

பல்கலைக்கழகத்தில் படித்துப் பெயர் பெற்ற அந்த முப்பது பேர், அங்கே சேர்ந்த இருபத்தைந்தாம் ஆண்டைக் கொண்டாட மதிய விருந்துக்குக் கூடியிருந்தார்கள். ஒருவர் நீதிபதி, ஒருவர் அரசாங்க ஆலோசகர். மற்றவர்களும் சோடை போகவில்லை.

"இதுக்கு ஹெட் கிளார்க்தான் சாட்சி," என்றார் நீதிபதி. "எங்க அட்மிஷன் ஃபைலைப் பார்த்தவரே அவர்தான். சொல்லுங்க சார், மார்க்ல நாங்க அப்பவே புலிதானே?"

மூலையில் மனைவியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹெட் கிளார்க், எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார்.

"மார்க்கெல்லாம் இப்ப எதுக்குங்க. எல்லாரும் நல்லா இருக்கீங்க, அது போதும்."

"அடக்கத்தைப் பாருங்க," என்று எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பும் வழியில், பஸ்ஸில் மனைவி அந்தப் பேச்சை எடுத்தாள். அதே அலுவலகத்தில் அவள் டைப்பிஸ்ட். பேராசிரியர்கள் கணக்கில் விடும் தப்புகளை அவர்களுக்கே தெரியாமல் திருத்தி அடித்துக் கொடுப்பவள்.

"உள்ளதைச் சொல்றதுக்கு என்னங்க? அவங்கெல்லாம் பிறவியிலேயே மூளைக்காரங்க. நானும்தான் அந்த வருஷம் அவங்களோட பரீட்சை எழுதினேன், இன்டர்வியூ வரைக்கும் போனேன். இடமில்லைன்னு லெட்டர் வந்துச்சு. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்."

ஹெட் கிளார்க் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன், அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. நேர்காணல் முடித்த அறுபது பேரில் பாதிப் பேருக்கு 'இடம் உண்டு' என்றும், மீதிப் பேருக்கு 'இடமில்லை' என்றும் கடிதம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். வகுப்புகள் தொடங்கி ஒரு வாரம் கழித்துத்தான் இரண்டு கட்டுக் கடிதங்களுக்கும் முகவரிகளை மாற்றி ஒட்டியது அவருக்கே தெரிந்தது. பாடம் நடத்தியவர்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வேலை போய்விடுமே என்று பயந்து, தேறியவர்களின் பட்டியலைச் சுக்கு நூறாகக் கிழித்துப் போட்டார்.

அதில் முதலிடத்தில் இருந்த பெயர், இப்போது அவர் தோளில் சாய்ந்து கண்ணயர்ந்தவளுடையது.