படம் மாறக்கூடாது

கம்ப்யூட்டரில் பாட்டுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த மெக்கானிக்கின் கையைப் பாய்ந்து பிடித்தார் வீட்டுக்காரர்.

“நிறுத்துங்க! ஆல்பம் படமெல்லாம் மாறுது!”

“அசல் அட்டைப்படத்தைத்தான் சாஃப்ட்வேர் தேடிப் போடுது சார். இருந்ததெல்லாம் யாரோ கையால வரைஞ்சது.”

“பாட்டே போனாலும் போகட்டும். அந்தப் படங்க வேணும்!”

இத்தனை பாட்டுகளைச் சேர்த்த பைத்தியம் பேசுகிற பேச்சா இது? மெக்கானிக் வேலையை நிறுத்தினார். பழைய படங்களை நகல் எடுத்தோமா என்பதே நினைவில்லை. தேடித் தேடி, கடைசியில் பழைய டிஸ்க்கில் கிடைத்தது. படங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

உள்ளே வந்த வீட்டுக்காரரின் மனைவி திரையில் ஒரு படத்தைத் தொட்டாள். பாட்டு ஒலித்தது. ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“பிறவியிலேயே அவளுக்குக் காது கேக்காது,” என்றார் அவர். “ஒவ்வொரு பாட்டையும் நான் சைகையில சொல்வேன், அவ வரைவா. அவளுக்குப் பாட்டுன்னா அந்தப் படம்தாங்க.”