கரையில் கிடந்த பை
டீக்கடை மேஜையில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. ஆற்றில் முகம் சிதைந்து மிதந்த பெண்ணின் பையிலிருந்து தங்கத் தோட்டை மட்டும் கடைக்காரி வெளியே எடுத்து, ஒரு மூக்குக்கண்ணாடியோடு சேர்த்து வைத்திருக்கிறாள். குடையும் சீப்பும் இன்னும் பைக்குள்தான். போலீஸ் வந்து பார்த்து, பையை இவளிடமே விட்டுவிட்டுப் போனதோடு சரி. துப்புத் துலக்குவதெல்லாம் அவளும் ஓரகத்தியும்தான். தோட்டைப் பற்றிய சேதி பரவியதிலிருந்து அண்ணன்களும் தம்பிகளும் முளைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இப்போது வந்திருப்பவனும் தம்பியாம். செருப்பெல்லாம் சேறு. “முழியே சரியில்லைக்கா,” என்று ஓரகத்தி காதைக் கடிக்கிறாள். அவன் கை கண்ணாடியை எடுக்கிறது. “இது எங்க அக்காவோடதுதான்.” சட்டை நுனியால் அதைத் துடைத்துத் துடைத்து அழுகிறான். கடைக்காரி உதட்டைச் சுழிக்கிறாள். “நல்லா நடிக்கிறியேப்பா! அது என்னோட கண்ணாடி. உன்ன மாதிரி ஆளுங்களுக்காகவே வெச்சேன்.” ஓரகத்தி தோட்டை உள்ளங்கையால் மூடுகிறாள். அவன் ஓடவில்லை. தோட்டின் பக்கம் திரும்பவுமில்லை. ஈரம் காயாத அந்த முகம் மெல்ல மலர்கிறது. “அப்படின்னா, செத்தது எங்க அக்கா இல்லையா?” இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். “இல்லப்பா, இல்ல. நீ வேற எங்கயாவது தேடிப் பாரு,” என்கிறாள் கடைக்காரி, பையைத் திறக்காமலே.