இடது கைப் பதில்

மாத்திரை மட்டும் கொடுத்தபோது வராத தூக்கம், மூச்சுப் பயிற்சியையும் கடிதத்தையும் சேர்த்ததும் சேந்தனுக்கு வந்தது. கடிதம் ஆலோசகர் மரகதத்தின் யோசனை. ஆறு கொண்டுபோன தம்பி பரிதிக்கு அவன் வலது கையால் எழுத வேண்டும். பிறகு தம்பியாக இருந்து, இடது கையால் பதில் எழுத வேண்டும். முதலில் பதில்களெல்லாம் கோழிக் கிறுக்கலாக இருந்தன. வாரத்துக்கு வாரம் இடது கை எழுத்து திருந்தியது, வலது கை எழுத்து கோணிக்கொண்டே போனது. மரகதம் கோப்பில் 'நல்ல முன்னேற்றம்' என்றுதான் எழுதினார். கடைசி நாள், சிகிச்சை முடிந்ததாகக் கையெழுத்திடும் படிவத்தை நீட்டினார். பேனாவை இடது கையில் வாங்கியவன், முத்து முத்தாகப் 'பரிதி' என்று கையெழுத்திட்டான். "சேந்தன், உங்க பேரைப் போடுங்க" என்றார் மரகதம். அவன் உதட்டில் விரல் வைத்தான். "அண்ணன் இப்பத்தான் கண்ணசந்திருக்கான் மேடம். எழுப்பிடாதீங்க."